கடற்கரைக்கு இன்னும் நாற்பது நாள்கள்

ஐரோப்பாவில் குளிர்காலம் முடிந்து மரங்கள் துளிர்க்கத் தொடங்கியதும், ஒரு விநோதமான நாள் எண்ணிக்கையும் தொடங்கிவிடும். கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குச் செல்வதற்கு முன் எத்தனை கிலோ குறைக்க முடியும் என்பதே அந்தக் கணக்கு. இத்தாலிய மக்கள் இதனை 'ப்ரோவா கோஸ்தூமே', அதாவது 'நீச்சல் உடைச் சோதனை' என்கிறார்கள். இஸ்பெயின் நாட்டவர் ஒரு படி மேலே போய், ஏதோ இராணுவத் தாக்குதலுக்குப் பெயர் வைப்பதுபோல் 'ஒப்பெராசியோன் பிகினி', அதாவது 'பிகினி நடவடிக்கை' என்கிறார்கள். ஆங்கிலம் பேசுவோருக்கு இது 'பீச் பாடி'.

நாள்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போடுகிறார் ஒரு பெண். இன்னும் நாற்பது நாள்கள். முதல் வாரம் காலை உணவு இல்லை, ரொட்டி இல்லை, இனிப்பு இல்லை. எடை காட்டும் கருவி மூன்று கிலோ குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. மனம் துள்ளுகிறது. இரண்டாம் வாரம் கருவி அசைய மறுக்கிறது. மூன்றாம் வாரம் சாக்லேட் கனவில் வருகிறது. ஓர் இரவு, வீட்டில் எல்லாரும் உறங்கிய பின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, நின்றபடியே கைக்குக் கிடைத்ததையெல்லாம் உண்டுவிடுகிறார். மறுநாள் காலையில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு மனஉறுதியே கிடையாது."

இந்தத் தீர்ப்பு சரியானதுதானா? இதைத்தான் இன்று நாம் சற்று நிதானமாகச் சிந்திக்கவிருக்கிறோம்.

விடுமுறை எப்படித் தேர்வாக மாறியது?

சாதாரணத் தொழிலாளர் குடும்பங்கள் கடற்கரை விடுமுறைக்குச் செல்வது மிகப் பழைய வழக்கம் அல்ல. பிரான்ஸ் நாட்டில் 1936ஆம் ஆண்டில்தான், எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமானது. பிரித்தானியாவில் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938ஆம் ஆண்டில் வந்தது. இத்தாலியில் அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவாகிய ஆகஸ்ட் 15, 'ஃபெர்ராகோஸ்தோ' என்ற பெயரில் கோடை விடுமுறையின் உச்ச நாளாகவும் விளங்குகிறது. அன்று நகரங்கள் வெறிச்சோடும், கடற்கரைகள் நிரம்பி வழியும்.

1946ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, லூயி ரேஆர் என்பவர் பாரிஸ் நகரில் பிகினி என்ற நீச்சல் உடையை அறிமுகப்படுத்தினார். நான்கு நாள்களுக்கு முன் பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத் தீவில் அமெரிக்க ஐக்கிய நாடு அணுகுண்டுச் சோதனை நடத்தியிருந்தது. அந்தப் பெயரையே அவர் தன் உடைக்குச் சூட்டினார்.

உழைத்துக் களைத்தவர்கள் ஓய்வெடுப்பதற்காகப் போராடிப் பெற்றது விடுமுறை. அந்த ஓய்வுக்குப் போவதற்கே ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டன் சுரங்க இரயில் நிலையங்களில் ஒரு விளம்பரம் ஒட்டப்பட்டது. 'புரோட்டீன் வேர்ல்ட்' என்ற நிறுவனம் தன் எடைக் குறைப்புப் பொருள்களுக்காகச் செய்த விளம்பரம் அது. மஞ்சள் நிறப் பின்னணியில் பிகினி அணிந்த மெலிந்த பெண் ஒருவர். பார்ப்பவரின் உடல் கடற்கரைக்குத் தயாரா என்ற கேள்வி. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனை நீக்கக்கோரும் இணைய மனுவில் கையெழுத்திட்டனர். பிரித்தானிய விளம்பரத் தர ஆணையத்துக்கு 378 புகார்கள் சென்றன. உடல்நலம், எடைக்குறைப்பு பற்றிய அதன் கூற்றுகளுக்காக அந்த விளம்பரம் மீண்டும் வரக்கூடாது எனச் சொன்ன ஆணையம், அது மக்களைப் புண்படுத்துவதாகக் கொள்ள முடியாது என்று ஜூலையில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு, இலண்டன் மேயர் சாதிக் கான், மக்களைத் தங்கள் உடலைப் பற்றி வெட்கப்படச் செய்யும் விளம்பரங்களுக்கு நகரப் போக்குவரத்து அமைப்பில் இடமில்லை என்று அறிவித்தார்.

அந்த விளம்பரம் கேட்ட கேள்வியில் ஒரு தந்திரம் உண்டு. 'தயாரா' என்று ஒருவரைக் கேட்டாலே, 'இல்லை' என்ற பதில் அவர் மனதில் தானாக எழுந்துவிடுகிறது. அந்த 'இல்லை'யில்தான் வியாபாரம் தொடங்குகிறது.

முதல் வார மாயம்

முதல் வாரத்தில் குறைந்த அந்த மூன்று கிலோ எங்கே போனது? நம் உடல் கல்லீரலிலும் தசைகளிலும் 'கிளைக்கோஜன்' என்ற வடிவில் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. மொத்தம் ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. உணவைத் திடீரெனக் குறைத்தால் உடல் முதலில் இந்தச் சேமிப்பைத்தான் செலவழிக்கும், தண்ணீரும் வெளியேறும். கருவியில் எடை சட்டெனக் குறையும். குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீரே. மீண்டும் வழக்கம்போல் சாப்பிட்டால் அது திரும்பி வந்துவிடும்.

கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி ஆற்றல் இருக்கிறது. 'ஒரே வாரத்தில் ஐந்து கிலோ' என்று யாராவது வாக்குறுதி தந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள். 38,500 கலோரி, அதாவது நாளொன்றுக்கு 5,500 கலோரி பற்றாக்குறை வேண்டும். வயதுவந்த பெண் ஒருவர் ஒரு நாளில் செலவழிப்பதே சுமார் 2,000 கலோரிதான். ஏழு நாள்களும் ஒன்றுமே உண்ணாமல் இருந்தாலும் அந்த வாக்குறுதி கொழுப்புக் கணக்கில் நிறைவேறாது.

பசியை அறிய முன்வந்த 36 பேர்

உணவைக் கடுமையாகக் குறைத்தால் மனித மனதுக்கு என்ன நேரும் என்பதை உலகம் தெளிவாக அறிந்துகொண்டது ஒரு போர்க்காலத்தில். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களை மீண்டும் எப்படித் தேற்றுவது என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர் 1944ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சான்றின் காரணமாகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் இதற்கு மனமுவந்து முன்வந்தனர். அவர்களில் பலர், போரை ஏற்காத கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்கள்.

24 வாரங்கள் அவர்களது உணவு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று எளிய உணவு. வாரத்துக்கு 35 கிலோ மீட்டர் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது.

கவனிக்க வேண்டியது அவர்கள் மனதில் நடந்ததுதான். அவர்கள் உறுதியான கொள்கைக்காரர்கள். அப்படிப்பட்டவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்து வாசிக்கத் தொடங்கினர். பேச்சும் கனவும் உணவைப் பற்றியே இருந்தன. தட்டிலிருந்ததை நீண்ட நேரம் பிசைந்து, கொஞ்சங்கொஞ்சமாக உண்டனர். சூயிங்கம் பொட்டலங்களைக் கணக்கின்றி மென்றனர். எரிச்சலும் சோர்வும் கூடின. நண்பர்களோடு பழகும் ஆர்வம் குறைந்தது. உணவு மீண்டும் தாராளமாகக் கிடைத்தபோது, வயிறு நிறைந்த பின்னும் பலருக்குப் பசி அடங்கவில்லை. இழந்ததைவிடக் கூடுதலான கொழுப்பு அவர்களது உடலில் சேர்ந்தது. இந்த ஆய்வு முடிவுகள் 1950ஆம் ஆண்டு இரு பெரும் தொகுதிகளாக வெளிவந்தன.

கொள்கைக்காக ஆயுதம் ஏந்த மறுத்தவர்களுக்கே இப்படி என்றால், குளிர்சாதனப் பெட்டியின் முன் நின்ற அந்தப் பெண்ணை மனஉறுதி இல்லாதவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

உடல் ஏன் இப்படி எதிர்க்கிறது?

பின்னர் வந்த ஆய்வுகள் காரணத்தையும் காட்டின. கொழுப்புச் செல்கள் 'லெப்டின்' என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 'சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லும் தூதர் அது. 1994ஆம் ஆண்டில் இது கண்டுபிடிக்கப்பட்டது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் இரைப்பையிலிருந்து சுரப்பதை ஜப்பானிய அறிவியலாளர்கள் 1999ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். உணவைக் குறைக்கும்போது முதலாவது குறைகிறது, இரண்டாவது கூடுகிறது. மூளையைப் பொறுத்தவரை இது கோடை விடுமுறை அல்ல, பஞ்சம். பஞ்ச காலத்தில் உணவைத் தேடு என்று ஆணையிடுவதும், ஆற்றல் செலவைச் சுருக்குவதும் நம்மை உயிரோடு காக்கும் ஏற்பாடுகள்.

உறக்கத்துக்கும் இதில் பங்குண்டு. சிகாகோ பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டனர். லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியது. விடுப்புக்கு முன் வேலையை முடிக்க இரவு கண்விழித்துக்கொண்டே டயட்டும் இருப்பவர், எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறார் எனலாம்.

'கூடாது' என்ற சொல்லின் வலிமை

உடலோடு மனமும் சேர்ந்துகொள்கிறது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987ஆம் ஆண்டில் மாணவர்களிடம், வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கவே கூடாது என்றார். அவர்களால் முடியவில்லை. பின்னர் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, தொடக்கத்திலேயே அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக அவர்கள் கரடியை நினைத்தார்கள். விலக்கப்பட்ட பண்டமும் இப்படித்தான் மனதில் குடியேறுகிறது.

1975ஆம் ஆண்டில் ஹெர்மன், மாக் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டனர். முதலில் மில்க்ஷேக், பின்னர் வேண்டிய அளவு ஐஸ்கிரீம் என்று பெண்களுக்குக் கொடுத்தார்கள். வழக்கமாகக் கட்டுப்பாடின்றி உண்பவர்கள், மில்க்ஷேக் குடித்த பின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட்டில் இருப்பவர்களோ அதிகமாக உண்டார்கள். 'இன்றைய விரதம்தான் முறிந்துவிட்டதே, இனி எதற்குத் தயக்கம்' என்ற எண்ணமே காரணம். இரவில் ஒரு துண்டு கேக் ஒரு முழு கேக்காக மாறும் இடம் இதுதான்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட உண்மையும் அல்ல. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தியப் பாலைநிலத் துறவிகளின் அனுபவங்களை எழுதிவைத்த ஜான் கசியான், மூத்த துறவிகள் இளையவர்களுக்குத் தந்த அறிவுரையைப் பதிவு செய்துள்ளார். இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்து பிறகு வயிறு புடைக்க உண்பதைவிட, நாள்தோறும் அளவாக உண்பதே சிறந்தது என்பது அவர்கள் கருத்து. அவர்களுடைய ஒரு நாள் அளவு இரண்டு சிறிய உலர்ந்த ரொட்டிகள். மிதமிஞ்சிய நோன்பும் பெருந்தீனியும் ஒரே பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். நோன்பின் பார்வை கடவுளையும் பிறரையும் நோக்கித் திரும்புகிறது. விடுமுறை டயட்டின் பார்வை கண்ணாடியை விட்டு அகல்வதில்லை. இரண்டும் வயிற்றைக் காயப்போடுகின்றன என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

ஊசி மருந்து வந்துவிட்டதே?

செமாகுளூட்டைடு என்ற ஊசி மருந்து 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் எடைக் குறைப்புக்காக அனுமதிக்கப்பட்டது. உணவைப் பற்றி ஓயாமல் எழும் எண்ணங்களை அது அடக்குவதாகப் பலரும் சொல்கிறார்கள். உடல் பருமனால் நோயுற்றவர்களுக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு வார விடுமுறைக்காக, மருத்துவர் ஆலோசனையின்றி இதை நாடுவது விவேகமல்ல.

நாம் என்ன செய்யலாம்?

எடை குறைக்க விரும்புவது தவறல்ல. முழங்கால் வலிக்கும் நீரிழிவுக்கும் அது நல்ல மருந்து. வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைப்பதே பாதுகாப்பானது என்று பிரித்தானிய தேசிய நலவாழ்வுப் பணியகம் கூறுகிறது. நாற்பது நாள்களில் ஏறக்குறைய மூன்று முதல் ஆறு கிலோ. மிக வேகமாகக் குறைத்தால் தசை கரையும், பித்தப்பையில் கற்களும் உருவாகக்கூடும்.

வேளை தவறாமல் உண்ணுங்கள். தட்டில் பயறு, முட்டை, மீன், காய்கறி ஆகியவை இருந்தால் வயிறு நீண்ட நேரம் நிறைந்திருக்கும். பிடித்த பண்டத்தை அடியோடு விலக்காதீர்கள். உணவுக்குப் பின், மேசையில் அமர்ந்து, பிறரோடு சேர்ந்து சிறிதளவு சுவையுங்கள். ஏக்கம் எழும்போது சற்றுப் பொறுத்துப் பாருங்கள். பசி இல்லாமல் எழுந்த ஏக்கம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியும். ஒருநாள் அளவு மீறிவிட்டால், மறுவேளை பட்டினி கிடந்து ஈடுகட்டாமல் வழக்கம்போல் உண்ணுங்கள். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்களும், கருவுற்ற பெண்களும், வளரும் பிள்ளைகளும் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சாப்பிட்டதும் இரகசியமாக வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை உட்கொள்வது, மாதவிடாய் நின்றுபோவது, எல்லாரோடும் அமர்ந்து உண்ண மறுப்பது ஆகியவற்றை உங்கள் பிள்ளையிடம் கண்டால், அதை அழகு மோகம் என்று கேலி செய்து கடந்துவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகக் கூடிய நோயாக இருக்கலாம். கண்டிப்பதைவிட, மருத்துவரிடம் கூட்டிச்செல்வதே முதல் கடமை.

அன்பு நெஞ்சங்களே, கடல் யாருடைய எடையையும் கேட்பதில்லை. மெலிந்தவரும் பருத்தவரும், முதியவரும் குழந்தையும் அதே அலையில்தான் கால் நனைக்கிறார்கள். நாள்காட்டியில் வட்டமிட்ட அந்தத் தேதிக்காகக் காத்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவு உணவு வேளையில் அவரை அருகில் அமரச் செய்யுங்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணாமல், அன்றைய நாள் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.