முன்பாரமும் பின்பாரமும்

பாலக்காட்டுச் சீமையின் சிற்றூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே உள்ளது பெருமாட்டி. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர் அது. அத்தகைய ஊர்களை விட்டுக் கடல் கடந்து வந்த நம் குடும்பங்களில் சில, இன்று விடுமுறை நாட்களில் காரின் பின்னே கேரவன் என்னும் சக்கர வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுகின்றன. அதனைக் காணுந்தோறும் ஊரில் நாம் ஏறிச்சென்ற கூண்டு வண்டியே நம் நினைவுக்கு வருகிறது.

அவ்வண்டியை நம் தச்சர் செய்த முறை யாது? கருவேல மரத்தில் குடமும் ஆரக்காலும் வட்டையும் இழைத்துப் பூட்டுவர். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி நீர் ஊற்றுவர். குளிர்ந்து சுருங்கும் இரும்பு சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். வண்டியின் உயர்வு வண்ணத்தில் இல்லை, பொருத்துகளில் இருந்தது.

சக்கர வீட்டின் வரலாறும் இதனையே கூறுகிறது. 1885ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 'வாண்டரர்' என்ற மரவீட்டு வண்டியைச் செய்வித்துக் குதிரைகளைப் பூட்டிப் பயணம் செய்தார். அழகிய வண்டிதான், ஆனால் பெரும்பாரம். பின்னர்க் கார் வந்தது. மரச்சட்டத்தின்மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தினர். தகடு கூடும் இடங்களில் மழைநீர் கசிந்து உள்ளிருந்த மரத்தை அரித்தது. அமெரிக்காவில் வாலி பையம் என்பவர் 1936இல் வெளியிட்ட 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்', விமானத்தைப் போல அலுமினியத் தகடுகளைத் தறைந்து உருவாக்கப்பட்டது. 1968இல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்த 'போலர்', கண்ணாடியிழையால் வார்த்த இரு பாதிகளை ஒன்றாக இணைத்தது. பாரம் குறைந்தது, நீர் நுழையும் வழிகளும் குறைந்தன.

ஆகவே, பழைய கேரவன் வாங்க எண்ணும் அன்பர்கள் திரைச்சீலையின் அழகில் மயங்குதல் வேண்டா. சன்னலின் கீழும் கூரையின் மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். சுவர் மெத்தென அமுங்கினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது என்று அறியலாம்.

இனி, பாரம் ஏற்றும் முறை. பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிக் கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும் என்பதை நம் வண்டிக்காரர் அறிவர். முன்பாரம் மிகுந்தாலோ மாட்டின் கழுத்து புண்ணாகும். கேரவனுக்கும் இதே நியதிதான். மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் முன்கொக்கியின்மேல் அமர்தல் நலம் என்பது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வழங்கும் பொது அளவு. தண்ணீர்க் குடங்களையும் அரிசி மூட்டையையும் பின்கோடியில் அடுக்கினால், விரைவுச் சாலையில் வண்டி வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அக்காரில் இருப்பவர் நம் குழந்தைகள் அல்லவா?

இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் 2022இல் கேரளத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. சக்கர வீடு இன்று நம் மலைகளையும் எட்டிவிட்டது. ஊருக்குச் செல்லுங்கால் நம் பிள்ளைகளுக்கு அதனையும் காட்டுவோம். எங்கேனும் ஒரு பழைய கூண்டு வண்டி நிற்குமானால், அதன் கடையாணியையும் தொட்டுக் காட்டுவோம்.