பலாப்பழமும் பழைய தொலைபேசியும்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறேன் என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் கேட்பது, “அப்ப என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையை டிசைன் பண்ணிக் குடுப்பியாப்பா?” என்பதைத்தான். கொடுப்பேன், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் டிசைன் என்றால் பூ, பார்டர், தங்க நிறம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு நான் எடுத்துக் காட்ட விரும்புவது தேர்தல் ஆணையத்தின் சுயேச்சைச் சின்னங்கள் பட்டியலை. வாளி, தையல் இயந்திரம், நகவெட்டி, பலாப்பழம் என்று வரிசையாகக் கறுப்புக் கோட்டுப் படங்கள். பார்க்க இவ்வளவு சாதாரணமாக இருக்கிற படங்களுக்குள் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று, டீயைக் குடித்தபடியே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1951-52 பொதுத் தேர்தலிலிருந்து தொடங்கலாம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர்தான். அன்றைக்கு வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே கிடையாது. வாக்குச்சாவடியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி இருக்கும், அதில் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். நமக்கு வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். 1957-லும் இப்படித்தான். எல்லாப் பெயர்களையும் சின்னங்களையும் ஒரே சீட்டில் அச்சிட்டு முத்திரை குத்தச் சொன்ன முறை 1962 பொதுத் தேர்தலில் பரவலானது.

இந்தத் தொடக்கம்தான் ஒரு தவறான எண்ணத்தையும் நம்மிடம் விட்டுப்போயிருக்கிறது. “சின்னமெல்லாம் படிக்காதவங்களுக்குத்தானே? எல்லாரும் படிச்சிட்டா எடுத்துடலாமே” என்பார்கள். படித்தவர்கள் வீட்டில்தான் இதை அதிகம் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2011-லேயே 80 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. அந்தக் கணக்குப்படி நம்மில் ஐந்தில் நான்கு பேருக்குச் சின்னம் வேண்டாததாகிவிட்டிருக்க வேண்டும். ஆகிவிட்டதா?

2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில், அதே ‘ஓ’ முதலெழுத்தோடு வேறு சிலரும் நின்றார்கள். சுயேச்சைகளின் பெயர்கள் அகர வரிசையில் வருவதால் ஒரே பெயர்க்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் வருவார்கள். அந்த வரிசையை முனைவர் பட்டம் வாங்கியவர் படித்தாலும் சரி, மூன்றாம் வகுப்போடு நின்றவர் படித்தாலும் சரி, கிடைக்கிற விவரம் ஒன்றுதான். எழுத்து அங்கே கைவிட்டுவிட்டது. அடையாளம் காட்டியது பலாப்பழம். சின்னம் கிடைத்த நாளுக்கும் வாக்குப்பதிவு நாளுக்கும் நடுவே மூன்று வாரம்கூட இல்லை. அவர் ஜெயிக்கவில்லை, ஆனால் பலாப்பழத்துக்கு 3 லட்சத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது.

பெயர்க் குழப்பம் இல்லாத தொகுதியிலும் இதே கதைதான். படிப்பது ஒரு வேலை, தேடிக் கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஒரு பலகையில் 16 வரிசை இருக்கிறது. பெயரைத் தேடுகிற கண் மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு இறங்க வேண்டும். உருவத்தைத் தேடுகிற கண் பலகை முழுவதையும் ஒரு தடவை மேய்ந்தாலே போதும், வேண்டியது தட்டுப்பட்டுவிடும். நன்றாகப் படிக்கத் தெரிந்தவரும் வாக்குச்சாவடி மறைப்புக்குப் பின்னால் போய் நின்றதும் செய்வது இரண்டாவதைத்தான்.

ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டவென்று 2015 முதல் வேட்பாளரின் புகைப்படத்தையும் சேர்த்தார்கள். 2025 பீகார் தேர்தலிலிருந்து அது வண்ணப் படமாகவும் ஆகிவிட்டது. நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும் வெள்ளைச் சட்டையும் மீசையுமாக நம் வேட்பாளர்களில் பாதிப் பேர் தபால்தலை அளவுப் படத்தில் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருப்பார்கள். வாளியையும் பலாப்பழத்தையும் யாரும் மாற்றிப் பார்க்க மாட்டார்கள்.

ஏன் மாற்றிப் பார்ப்பதில்லை? அதற்குப் படத்துக்குள் போக வேண்டும். இன்று புழக்கத்தில் இருக்கும் சின்னங்களில் பலவற்றைப் பென்சிலால் வரைந்தவர் எம்.எஸ். சேத்தி. தேர்தல் ஆணையத்தில் வரைவாளராக இருந்து 1992-ல் ஓய்வு பெற்றவர். அவர் படங்களில் நாங்கள் வகுப்பில் முதலில் கவனிப்பது நிழலுருவத்தை. ஒரு பொருளின் உள்விவரம் அத்தனையையும் மையால் நிரப்பிவிட்டால் வெளிக்கோடு மட்டும் மிஞ்சும் அல்லவா, அதுதான் நிழலுருவம். தெருக்கோடியில் வரும் சித்தப்பாவை முகம் தெரிவதற்கு முன்பே தோள் சாய்வையும் நடையையும் வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறோமே, கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. வெளிக்கோட்டை முதலில் பிடிக்கும், மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது ஒரு காகிதத்தில் செல்போனை வரைந்து உள்ளே கறுப்படித்துப் பாருங்கள். ஒரு செவ்வகம் கிடைக்கும். அது சாக்லேட்டாகவும் இருக்கலாம், செங்கல்லாகவும் இருக்கலாம். அடுத்து, ரிசீவரை மேலே கிடத்திய பழைய தொலைபேசியை வரைந்து கறுப்படியுங்கள். மேலே இரண்டு முனையும் தொங்குகிற ரிசீவர், கீழே அகன்று விரியும் அடிப்பாகம். வேறு எதுவாகவும் அதைச் சொல்ல முடியாது. வீட்டில் அந்தத் தொலைபேசி போய்ப் பல வருடம் ஆனாலும் படமாக அது இன்னும் உழைப்பதற்குக் காரணம் இந்த வெளிக்கோடுதான்.

வெளிக்கோட்டை மட்டும் நம்பும் இந்தச் சிக்கனத்துக்கு இன்னொரு காரணம், சின்னம் போகப்போகிற இடங்கள். சுவரில் ஆளுயரத்துக்கு வரைவார்கள், துண்டறிக்கையில் மலிவான தாளில் மை ஊற அச்சாகும். கடைசியில், நாம் பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் சிறிய கண்ணாடிக்குள் ஒரு சீட்டு வருகிறது. வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அதில் 7 விநாடி தெரியும், பிறகு சீட்டு அறுந்து உள்ளே விழுந்துவிடும். நிழல், சாயல், மெல்லிய கோடு என்று நுணுக்கமாக வரைந்த படம் இந்த இடத்தில் கறுப்புத் திட்டாகிவிடும். உதயசூரியனைக் கவனியுங்கள்: இரண்டு மலை வளைவு, நடுவே அரைவட்டம், சில கதிர்கள். சுவரெழுத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார். இரட்டை இலையை விரலாலேயே காட்டிவிடலாம்.

சரி, இலைக்கும் அ.தி.மு.க.வுக்கும் என்ன சம்பந்தம்? ஆரம்பத்தில் ஒன்றுமே கிடையாது. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில், தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத அ.தி.மு.க.வின் வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். அதற்கு முன் அது வெறும் இலை. அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் குறிகளை வகை பிரித்தபோது, பார்க்க அந்தப் பொருளைப் போலவே இருப்பதால் புரிகிற குறி ஒரு வகை, நாலு பேர் ஒத்துக்கொண்டதால் புரிகிற குறி இன்னொரு வகை என்றார். தேர்தல் சின்னம் இரண்டும்தான். இலையைப் பார்த்தால் இலை என்று தெரிவது முதல் வகை. இலையைப் பார்த்ததும் ஒரு கட்சியின் முகங்களெல்லாம் ஞாபகத்துக்கு வருவது இரண்டாம் வகை. அந்த இரண்டாவதை வரைகிறவரால் வரைய முடியாது. அதற்காகக் காலியாக ஓர் இடம் விட்டு வைக்கத்தான் முடியும். கட்சிகள் புதிதாகப் பரிந்துரைக்கும் சின்னத்தில் மத அடையாளமோ சாதி அடையாளமோ இருக்கக் கூடாது என்ற விதியும் அந்த இடத்தைக் காக்கிறது. பறவை, விலங்குகளையும் இப்போது புதிதாகத் தருவதில்லை. அதற்குக் காரணம் வேறு: பிரசாரத்துக்கு நிஜ மிருகத்தையே ஊர்வலமாக ஓட்டி வந்து வதைத்தார்கள்.

இவ்வளவு யோசித்தும் சறுக்குகிற இடம் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் மகாராஷ்டிரத்தில் தேசியவாத காங்கிரஸின் சரத் பவார் அணிக்குக் கிடைத்த சின்னம், துதாரி என்ற வளைந்த ஊதுகொம்பை ஊதும் மனிதன். சுயேச்சைகளுக்கான பட்டியலில் இருந்த ட்ரம்பெட்டும் மராத்தியில் துதாரி என்றே குறிக்கப்பட்டிருந்தது. சதாரா தொகுதியில் அந்த அணியின் வேட்பாளர் 32,771 வாக்கில் தோற்றார். அங்கே ட்ரம்பெட் சின்னத்தில் நின்ற சுயேச்சை வாங்கியது 37,062. அத்தனையும் கை மாறிய வாக்கு என்று நாம் சொல்லிவிட முடியாது, ஆனால் அந்தக் கட்சி அப்படித்தான் சொன்னது. காதில் விழுகிற பெயரும் சின்னத்தின் ஒரு பகுதிதான் என்பதை எங்கள் பாடப் புத்தகங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன.

அந்த ஆண்டு இறுதியில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அந்தக் கட்சி தேர்தல் ஆணையத்திடம் முறையிட்டது. ட்ரம்பெட்டை நீக்க ஆணையம் சம்மதிக்கவில்லை. ஆனால் ஊதும் மனிதனின் படம் இயந்திரத்தில் சிறியதாகத் தெரிகிறது என்ற குறையை ஏற்று, இன்னும் எடுப்பாகத் தெரியும்படி மாற்றிக்கொள்ளச் சம்மதித்தது. பிரச்சினை புரிகிறது: தலைக்கு மேல் உயர்ந்து வளையும் கொம்பையும் அதை ஊதுகிற முழு ஆளையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்தால் இரண்டுமே சுருங்கத்தான் செய்யும். என்னிடம் கொடுத்திருந்தால் ஆளை இடுப்போடு நிறுத்திவிட்டு, மிச்ச இடத்தைக் கொம்புக்குக் கொடுத்திருப்பேன்.