எண்ணெய்க் கழிவுநீரில் மின்சாரம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர்களின் படகு, வலை, அலையாத்தி மரங்கள் என எல்லாவற்றின் மீதும் அப்பியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கழிவுநீரை மின்சாரத்தைக் கொண்டே தூய்மைப்படுத்தலாம் என்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை?

ஆலையில் சுத்திகரிப்பது எண்ணெயைத்தானே? கழிவுநீர் எப்படி வருகிறது?

கச்சா எண்ணெயில் உப்பு இருக்கும். காய்ச்சி வடிப்பதற்கு முன் தண்ணீர் விட்டு அதைக் கழுவி எடுக்கிறார்கள். வடிகோபுரங்களில் செலுத்தும் நீராவி குளிரும்போது சல்பைடும் அம்மோனியாவும் கலந்த நாற்றநீராகிறது. இவை தவிர, சேமிப்புத் தொட்டிகளின் அடியில் தேங்கும் நீரும் உண்டு. இந்தியாவில் 2008-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, வெளியேறும் நீரில் லிட்டருக்கு எண்ணெய் 5 மில்லிகிராம், பினால் என்ற நச்சுச் சேர்மம் 0.35 மில்லிகிராம், சல்பைடு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

எண்ணெய் மிதக்கும். வழித்து எடுத்தால் போதாதா?

பெரிய துளிகளுக்குப் போதும். ஆலைகளின் முதல் தொட்டி அதைத்தான் செய்கிறது. ஆனால் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கைவிடச் சிறிய துளிகள் எளிதில் மேலே வருவதில்லை. அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, நீரைப் பால்போல் கலக்கி நிற்கும். பினாலோ நீரில் கரைந்தே போய்விடும்.

மின்சாரம் அங்கே என்ன வேலை செய்கிறது?

இரண்டு வேறு வேலைகள். முதலாவது மின்திரளாக்கம். அலுமினியம் அல்லது இரும்புத் தகடுகளை நீரில் நிறுத்தி நேர்மின்சாரம் செலுத்தினால், நேர்மின்வாய்த் தகடு கரையும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 0.34 கிராம் அலுமினியம் கரைகிறது. அது துளிகளின் மின்னேற்றத்தைத் தணித்து அவற்றைத் திரள வைக்கிறது. கலங்கிய நீரில் படிகாரத்தைத் தேய்த்தால் தெளிவதும் இதே வேதியியல்தான். எதிர்மின்வாயில் எழும் நுண்ணிய ஹைட்ரஜன் குமிழிகள் திரளை மேலே தூக்கிவருகின்றன.

இரண்டாவது மின் ஆக்சிஜனேற்றம். இதில் கரையாத மின்வாய்கள் தேவை. போரான் கலந்த செயற்கை வைரம் பூசியவை இதற்குப் பேர்போனவை. அவற்றின் பரப்பில் உருவாகும் ஹைட்ராக்சில் கூறுகள், கரைந்த பினாலைச் சிதைத்துக் கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. முதல் முறை திரட்டும், இரண்டாவது சிதைக்கும். திரட்டும் முறையால் பினாலைப் பெரிதாகக் குறைக்க முடியாது.

இது ஆய்வகத்தோடு நிற்கும் புதுமையா?

இல்லை. கப்பலின் அடித்தளத்தில் தேங்கும் எண்ணெய்நீரை மின்வாய்களால் தெளிய வைக்க 1906-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்டது.

பிறகு ஏன் எல்லா ஆலைகளும் இதற்கு மாறவில்லை?

மின்கட்டணம்தான் காரணம். ஒரு கிலோ ஆக்சிஜனால் சிதைக்கக்கூடிய அளவு மாசை மின்சாரத்தால் சிதைக்க, துளி மின்சாரமும் வீணாகாவிட்டாலும் சுமார் 3,350 ஆம்பியர்-மணி வேண்டும். 5 வோல்ட்டில் அது ஏறக்குறைய 17 யூனிட். நடைமுறையில் இன்னும் கூடும். காற்றூட்டிய தொட்டியில் பாக்டீரியாக்கள் இதே வேலையை இதில் சிறு பங்கு மின்சாரத்தில் முடித்துவிடும். ஆகவே பாக்டீரியாக்களால் தின்ன முடியாததற்கும் அவற்றைக் கொல்லக்கூடியதற்கும் மட்டும் மின்சாரத்தைப் பயன்படுத்துவதே கட்டுப்படியாகும்.

ஆபத்து உண்டா?

இரண்டு உண்டு. ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பற்றக்கூடும், காற்றோட்டம் கட்டாயம். அடுத்தது உப்பு. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் செலவு குறையும். அதே உப்பிலுள்ள குளோரைடு நேர்மின்வாயில் குளோரினாகி, கரிமப் பொருள்களோடு சேர்ந்து புதிய நச்சுச் சேர்மங்களை உண்டாக்கலாம். வைர மின்வாயில் பெர்குளோரேட்டும் உருவாகும். எனவே பினால் குறைந்துவிட்டது என்ற ஓர் அளவீட்டை மட்டும் வைத்து நீர் தூயதாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

கழிவே மிஞ்சாது என்கிறார்களே?

திரட்டும் முறையில் எண்ணெயும் உலோக ஹைட்ராக்சைடும் கலந்த கசடு மிஞ்சும். அதை அபாயகரக் கழிவாகவே கையாள வேண்டும். தேய்ந்த தகடுகளையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

இந்தக் கருவி இருந்திருந்தால் எண்ணூர் தப்பியிருக்குமா?

இருக்காது. மின்வாய்த் தொட்டிகள், குழாய் வழியே சீராக வரும் கழிவுநீருக்காக அமைக்கப்படுபவை. வளாகத்தை மூழ்கடிக்கும் வெள்ளம் அவற்றுக்குள் நுழைவதே இல்லை. அதற்கு மழைநீர் வடிகாலைக் கழிவுநீரிலிருந்து பிரிப்பதும், தரையில் சிந்திய எண்ணெயை மழைக்கு முன்பே அகற்றுவதும், போதிய தேக்கத் தொட்டி கட்டுவதும்தான் வழி. மின்முறை வருகிறது என்று ஓர் ஆலை அறிவித்தால் மக்கள் கேட்க வேண்டியவை மூன்று: கசடு எங்கே போகிறது, குளோரின் சேர்மங்களை யார் அளக்கிறார்கள், மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது?