ஓடற சர்வரை எதுக்குத் தொடணும்? அப்ளிகேஷன் சர்வர் ஓட்டைகள் பற்றி ஒரு குறிப்பு

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி தெரிந்தவர் ஒருவர் போன் செய்தார். காங்கேயத்தில் கொப்பரை வாங்கித் தேங்காய் எண்ணெய் ஆட்டும் மில் வைத்திருப்பவர். "தம்பி, பில் போடற சாப்ட்வேர் மூணு நாளா நகரவே மாட்டேங்குது. நாளைக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

போனேன். ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே, பழைய லெட்ஜர் நோட்டுகளுக்குப் பக்கத்தில் சர்வர். ஃபேன் சத்தம் வாசலிலேயே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, யாரும் பில் போடவில்லை. ஆனால் பிராசசர் 100 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டாம்கேட்டுக்குக் கீழே, மில்காரர்கள் யாரும் வைக்காத ஒரு புரோகிராம் உட்கார்ந்து கிரிப்டோ காயின் தோண்டிக்கொண்டிருந்தது. கரண்ட் பில் இவருக்கு, காசு வேறு எவனுக்கோ.

வெளியூர் ஏஜென்டுகள் ஆர்டர் போட வசதியாக இருக்கட்டும் என்று அந்த சாப்ட்வேரை ரவுட்டரில் நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டிருந்தார்கள். போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டேன். "அது 2016-ல போட்டதுங்க. அன்னைல இருந்து நல்லா ஓடுது. ஓடற சர்வரை எதுக்குத் தொடணும்?" என்றார். மில் அண்ணனின் கேள்வி வேறு மாதிரி: "நம்ம எண்ணெய்க் கணக்கை எடுத்து எவன் என்ன பண்ணப் போறான் தம்பி?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். அன்றைக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அப்ளிகேஷன் சர்வர் என்றால் என்ன

ஒரு கம்பெனியில் பில்லிங், சம்பளம், ஸ்டாக் என்று பல சாப்ட்வேர் இருக்கும். எல்லாவற்றுக்கும் சில பொது வேலைகள் உண்டு: பிரவுசரில் இருந்து வரும் கோரிக்கையை வாங்குவது, லாகின் பார்ப்பது, டேட்டாபேஸுடன் பேசுவது. இந்தப் பொது வேலைகளை ஒரே இடத்தில் செய்து கொடுப்பதுதான் அப்ளிகேஷன் சர்வர். ஆரக்கிளின் வெப்லாஜிக், ஐபிஎம்மின் வெப்ஸ்பியர், ஜேபாஸ், எஸ்ஏபியின் நெட்வீவர் எல்லாம் இந்த வகை. டாம்கேட் இவற்றில் சின்னது. இலக்கணப்படி அதை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று சண்டை போடுபவர்கள் உண்டு, நமக்கு அது வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இதன் கையில் இருக்கிறது. அதனால் இதற்குள் நுழைந்தவன் தனியாக எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை.

"எவன் நம்மளைத் தேடி வரப் போறான்?"

யாரும் தேடி வருவதில்லை. அதுதான் பிரச்சினையே. பழைய முறை இன்டர்நெட் முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே கம்ப்யூட்டரில் இருந்து, அத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட கதவு திறந்திருக்கிறதா என்று முக்கால் மணி நேரத்தில் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டினார்கள். தட்டுகிறவனுக்கு அது எண்ணெய் மில்லா, ஆஸ்பத்திரியா என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். திறந்தால் உள்ளே ஒரு மிஷின் கிடைக்கும். மிஷின் கிடைத்தால் காயின் தோண்டலாம், ஃபைலை எல்லாம் பூட்டிப் பணம் கேட்கலாம், இன்னொருவரைத் தாக்க இதையே திண்ணையாக வைத்துக்கொள்ளலாம்.

ஆளைக் குறி வைத்தே வருகிறவர்களும் உண்டு. அவர்களும் பல சமயம் இதே கதவு வழியாகத்தான் வருகிறார்கள். அதற்கு நம்ம ஊர் சாப்ட்வேரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

ஒரு புள்ளியால் திறந்த கதவு

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவை எல்லோருக்கும் தெரியும். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில்கூட ஆபீஸ் இருக்கிறது. அவர்களுடைய மேனேஜ்என்ஜின் பிரிவின் சாப்ட்வேர்கள் உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்களில் ஓடுகின்றன. அதில் ஒன்று ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ். விண்டோஸ் பாஸ்வேர்டை மறந்துபோன ஊழியர், ஐடி டிபார்ட்மென்டைக் கூப்பிடாமல் தானே மாற்றிக்கொள்ள உதவுவது. வீட்டில் இருந்து வேலை செய்பவருக்கும் பயன்பட வேண்டும் என்பதால் பல இடங்களில் இதை இன்டர்நெட்டில் திறந்து வைத்திருப்பார்கள். அதே சமயம் கம்பெனியின் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றும் அதிகாரம் இதற்கு உண்டு. திருடன் கண்ணில் இதைவிட நல்ல கதவு இருக்க முடியாது.

2021-ல் இதில் ஒரு ஓட்டை வெளிவந்தது. எண் சிவிஇ-2021-40539. அடிப்படை ரொம்ப எளிது. வாசலில் ஒரு வாட்ச்மேன், உள்ளே ஒரு கிளார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையின் முகவரி '/ரெஸ்ட்ஏபிஐ' என்று ஆரம்பித்தால் அடையாள அட்டை கேள் என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. ஒருவன் '/./ரெஸ்ட்ஏபிஐ' என்று எழுதிக்கொண்டு வருகிறான். கம்ப்யூட்டர் பாஷையில் ஒற்றைப் புள்ளி என்றால் 'இதே இடம்' என்று அர்த்தம், அதாவது இரண்டும் ஒரே முகவரிதான். வாட்ச்மேன் எழுத்தை அப்படியே ஒப்பிட்டுப் பார்த்தார். லிஸ்டில் இல்லை, போகச் சொல்லிவிட்டார். உள்ளே இருந்த கிளார்க்கோ புள்ளியைச் சுத்தம் செய்து, 'ஓ, ரெஸ்ட்ஏபிஐயா' என்று சரியாகப் புரிந்துகொண்டு வேலையைச் செய்து கொடுத்தார். அடையாள அட்டையை யாருமே கேட்கவில்லை.

அடுத்தபடியாக, சர்டிபிகேட் என்ற பெயரில் ஒரு ஃபைலை ஏற்றினார்கள். உண்மையில் அது வெப்ஷெல். அதாவது, பிரவுசரில் இருந்தே அந்த சர்வருக்குக் கட்டளை போட உதவும் சின்ன புரோகிராம்.

தேதிகளைப் பாருங்கள். 2021 செப்டம்பர் 6-ல் சோஹோ பேட்ச் வெளியிட்டது. 16-ம் தேதி அமெரிக்காவின் எஃப்பிஐ, சிசா, கடலோரக் காவல்படையின் சைபர் பிரிவு மூன்றும் சேர்ந்து எச்சரித்தன. மறுநாளே ஒரு கும்பல் சர்வர்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்து, 22-ம் தேதி முதல் உள்ளே புகுந்ததாகப் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் யூனிட் 42 ஆய்வாளர்கள் பிறகு எழுதினார்கள். குறைந்தது ஒன்பது நிறுவனங்கள் மாட்டின.

நவம்பர் 9-ல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வர்களுக்குள் ஆள் நுழைந்தது. பேட்ச் வந்து 64 நாள் ஆகியிருந்தது. அவர்களுக்கு இது தெரிய வந்தது 2022 ஜனவரி 18-ல். 70 நாள் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். அங்கே இருந்தது போர், பேரிடர், இடப்பெயர்வு என்று பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் பணியின் பதிவுகள். 5,15,000-க்கும் மேற்பட்ட மனிதர்கள்: காணாமல் போனவர்கள், அவர்களைத் தேடும் உறவினர்கள், தனியாகிப் போன குழந்தைகள், சிறையில் இருப்பவர்கள். தமிழ் வாசகருக்கு இதன் கனத்தை விளக்க வேண்டியதில்லை. இலங்கைப் போரில் காணாமல் போனவர்களின் பெயரைக் குடும்பங்கள் எழுதிக் கொடுத்த இடங்களில் இந்தச் சங்கமும் ஒன்று.

செஞ்சிலுவைச் சங்கம் இதை மறைக்கவில்லை. எந்த ஓட்டை, எந்தத் தேதி, பேட்ச் சரியான நேரத்தில் போடப்படவில்லை என்பதையெல்லாம் அவர்களே பிப்ரவரியில் வெளியிட்டார்கள். தங்களைக் குறி வைத்து எழுதப்பட்ட கருவிகள் பயன்பட்டன என்றும் சொன்னார்கள். இவ்வளவு மெனக்கெட்டு வந்தவனும் நுழைந்தது, இரண்டு மாதமாக ஊருக்கே தெரிந்திருந்த ஒரு கதவு வழியாகத்தான்.

பேட்ச் வந்த நாளில் என்ன நடக்கிறது

"ஓடற சர்வரைத் தொடாதே" என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. பேட்ச் என்பது மருந்து மட்டுமல்ல, அது ஒரு அறிவிப்பும்கூட. பழைய வெர்ஷனையும் புதிய வெர்ஷனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எந்த இடத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த இடம்தான் ஓட்டை. பேட்ச் வருவதற்கு முந்தின நாள் வரை அது நாலு பேருக்குத் தெரிந்த ரகசியமாக இருந்திருக்கலாம். வந்த பிறகு படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆக, நாம் தொடவில்லை என்றாலும் நம்ம சர்வர் நேற்று இருந்த நிலையில் இன்று இல்லை. அதே மிஷின், அதே சாப்ட்வேர், ஆபத்து மட்டும் ஒரே ராத்திரியில் பல மடங்கு.

அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் கதையும் இதேதான். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் ஓட்டைக்கு 2017 மார்ச்சில் பேட்ச் வந்தது. மே மாதம் உள்ளே புகுந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துப் போனார்கள்.

ஏன் இப்படி ஓட்டை வந்துகொண்டே இருக்கிறது?

பல ஓட்டைகளுக்கு அடியில் ஒரே தவறுதான் இருக்கிறது: வெளியில் இருந்து வந்த சரக்கைக் கட்டளையாக எடுத்துக்கொள்வது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். கட்டிங் முடிந்த பீஸ்களைப் பண்டல் கட்டி, சீட்டு வைத்து, தைக்க அனுப்புவார்கள். சீட்டில் இருப்பதைப் பார்த்துத் தைப்பார்கள். இதையே ஜாவாவில் சீரியலைசேஷன் என்கிறோம். ஒரு புரோகிராம் தன் பொருட்களைப் பண்டல் கட்டி அனுப்பும், இன்னொன்று பிரித்து அதே உருவத்தில் நிறுத்தும். நம்ம கட்டிங்கில் இருந்து மட்டுமே பண்டல் வரும்வரை சிக்கல் இல்லை. தெருவில் போகிறவன் தானே ஒரு பண்டல் கட்டி, தானே சீட்டு எழுதிப் போட்டால்? வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் மூன்றும் அதையும் பிரித்துச் சொன்னபடி செய்தன. 2015-ல் இது பெரிதாக வெடித்தது.

2021 டிசம்பரில் வந்த லாக்4ஷெல் இன்னும் வேடிக்கை. வந்தவர் பெயரை ரிஜிஸ்டரில் எழுதி வைப்பது மட்டுமே லாக்4ஜெயின் வேலை. பெயருக்குப் பதில் ஒருவன் 'இன்ன இடத்துக்குப் போய் எடுத்து வா' என்று எழுதச் சொன்னால், எழுதுவதை விட்டுவிட்டு அது நிஜமாகவே போய் எடுத்து வந்தது.

மேனேஜ்என்ஜினிலேயே 2022-ல் இன்னொன்று வந்தது, சிவிஇ-2022-47966. இந்த முறை தவறு ஒரு மிகப் பழைய அப்பாச்சி லைப்ரரியில். கையெழுத்து சரியா என்று பார்ப்பதற்கு முன்பே கடிதத்தில் எழுதியிருந்த வேலையைச் செய்துவிடும் பழக்கம் அதற்கு இருந்தது. சில சாப்ட்வேர்களில், சம்பந்தப்பட்ட லாகின் வசதியை எப்போதோ ஒருமுறை ஆன் செய்து பிறகு ஆஃப் செய்திருந்தாலும் போதும், கதவு திறந்தேதான் இருந்தது. நம்ம சாப்ட்வேருக்குள் யார் யாருடைய லைப்ரரி இருக்கிறது என்று நமக்கே தெரியாமல் இருப்பதன் விலை இது.

மில்லில் என்ன செய்தோம்

அண்ணன் முதலில் கேட்டது, "அந்த புரோகிராமை மட்டும் அழிச்சுட்டு பேட்ச் போட்டாப் போதாதா தம்பி?" போதாது. பேட்ச் கதவைச் சாத்தும், உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவனை வெளியே அனுப்பாது. 2021 எச்சரிக்கையிலும் பாஸ்வேர்டு ஃபைல் களவு போன அறிகுறி தெரிந்தால் கம்பெனி முழுக்க எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

அவன் எப்போது வந்தான் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. லாக் ஏழு நாளுக்கு மட்டுமே இருந்தது, அதற்கு முந்தையது தானாக அழிந்துவிட்டது. நம்ம நாட்டில் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும், இப்படி ஒரு சம்பவம் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சர்வருக்கும் இது பொருந்தும் என்று சொன்னபோது அண்ணன் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

நெட் ஒயரைப் பிடுங்கினோம். டிஸ்க்கை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, வேறு மிஷினில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினோம். டேட்டாபேஸ், ஜிஎஸ்டி, பேங்க் பாஸ்வேர்டுகள் எல்லாம் மாற்றியாயிற்று. ரவுட்டரில் திறந்திருந்ததை அடைத்து, ஏஜென்டுகளுக்கு விபிஎன் கொடுத்தோம். பேக்கப் டிஸ்க் இனி வேலை முடிந்ததும் கழற்றி பீரோவுக்குள் போகும். இதற்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கையால் பில் போட்டார்கள். அந்தப் பழைய லெட்ஜர் நோட்டுகள் நன்றாகவே உதவின.

கடைசியாக, சாப்ட்வேர்காரருடன் இருக்கும் வருடாந்திர ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்: பாதுகாப்பு பேட்ச் வந்து ஏழு நாளுக்குள் போட வேண்டும். "இதுக்குத் தனியா காசு ஆகுமுங்க" என்றார் அவர். அண்ணன் கரண்ட் பில்லை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

உங்கள் கம்பெனியிலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். நம்ம சர்வரில் ஓடும் டாம்கேட் எந்த வெர்ஷன்? வெளியில் இருந்து எது எது திறக்கும்? கடைசியாக பேட்ச் போட்டது எந்தத் தேதி? மூன்றுக்கும் உடனே பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தால் நல்லது. இல்லையென்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் ஃபேன் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.