கனிந்த பெர்ரி மஃபின்: பசி குறைந்தோருக்கு வீட்டில் செய்யத்தக்க ஒரு சிற்றுணவு

நீண்ட சிகிச்சையில் இருப்போரின் குடும்பத்தினர் எங்கள் உணவியல் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சோறு இறங்கவில்லை; வேறு என்ன கொடுக்கலாம்?" புற்றுநோய்க்கான மருந்துகளாலும் நெடுநாள் காய்ச்சலாலும் அறுவை சிகிச்சையாலும் பசி குன்றும்போது, தட்டு நிறைந்த உணவே சிலருக்கு வெறுப்பை உண்டாக்குகிறது. உண்ணாமையால் எடை குறையும். எடை குறைந்தால் சிகிச்சையைத் தாங்கும் ஆற்றலும் குறையும். அத்தகையோருக்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, அளவில் சிறியதும் ஊட்டத்தில் செறிந்ததுமான உணவைத் தருவதே பொருத்தமானது. வீட்டில் செய்யும் பெர்ரி மஃபின் அவ்வகையைச் சேர்ந்தது. ஆயினும் நோய்க்கு ஏற்ப அதன் சேர்மானத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

கொடைக்கானல், நீலகிரி மலைகளிலிருந்தும் மகாராஷ்டிராவின் மகாபலேசுவரத்திலிருந்தும் வரும் ஸ்ட்ராபெரி நம் கடைகளில் கிடைக்கிறது. மல்பெரியும், இறக்குமதியாகும் புளூபெரியும் இதற்கு உகந்தவையே. ஸ்ட்ராபெரி செடியிலிருந்து பறித்தபின் மேலும் இனிக்காது. ஆகவே காம்பு வரை சிவந்த பழத்தையே வாங்குங்கள். நன்கு கனிந்த பழம் தன் இனிப்பைத் தானே தருவதால் சர்க்கரையின் அளவைக் குறைக்கலாம். சற்றே குழைந்த பழமும் மஃபினுக்குப் பயன்படும். பூஞ்சை படிந்த பழத்தில் அப்பகுதியை மட்டும் வெட்டி நீக்கினால் போதாது. மென்மையான பழங்களில் பூஞ்சை உள்ளேயும் பரவியிருக்கும் என்பதால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

வேகவைத்த பழம் ஏன்?

பெர்ரிகள் தரையை ஒட்டியும் தாழ்ந்த செடிகளிலும் காய்ப்பவை. தோல் உரிக்க இயலாதவை. அவற்றின் மேற்பரப்பிலுள்ள கிருமிகளைக் கழுவுதலால் மட்டும் முற்றிலும் அகற்ற முடியாது. 2013இல் இத்தாலியில் உறையவைத்த பெர்ரிக் கலவை வழியாக ஹெபடைடிஸ் ஏ பலருக்குப் பரவியது. வெள்ளணுக்கள் குறைந்துள்ளோரும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் பச்சைப் பெர்ரியைப் பற்றி மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும். மஃபின் முழுமையாக வேகும்போது அதன் நடுப்பகுதியும் கிருமிகள் அழியும் வெப்பத்தை அடைகிறது. வைட்டமின் சி ஓரளவு குறையும்; பாதுகாப்பைக் கருதினால் அது ஏற்கத்தக்க இழப்பே.

12 மஃபின்களுக்குத் தேவையானவை

கோதுமை மாவு 100 கிராம்
மைதா 100 கிராம்
பால் பவுடர் 30 கிராம்
பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி
சர்க்கரை 80 கிராம்
முட்டை 2
பால் 150 மி.லி.
மணமற்ற சமையல் எண்ணெய் 80 மி.லி.
கனிந்த பெர்ரி 150 கிராம்

செய்முறை

பழத்தை ஓடும் நீரில் கழுவி, துணியில் ஒற்றி, ஈரமின்றி உலர்த்துங்கள். பெரிய பழங்களைச் சிறு துண்டுகளாக்குங்கள். மாவு வகைகள், பால் பவுடர், பேக்கிங் பவுடர் ஆகியவற்றை ஒன்றாகச் சலியுங்கள். மற்றொரு பாத்திரத்தில் முட்டை, சர்க்கரை, பால், எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து மாவில் ஊற்றுங்கள். உலர்ந்த மாவு மறையும் வரை மட்டும் கிளறினால் போதும். மிகுதியாகக் கிளறினால் மாவின் பசைத்தன்மை கூடி மஃபின் இறுகிவிடும். கலவை இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். இறுதியில் பழத்தை மெதுவாகச் சேருங்கள். உறைந்த பழமாயின் உருக விடாமலே சேர்க்கலாம்.

முன்கூட்டியே 190 டிகிரி செல்சியசில் சூடாக்கிய ஓவனில் 18 முதல் 22 நிமிடம் வேகவையுங்கள். நடுவில் குத்திய குச்சியில் ஈர மாவு ஒட்டாமல் வர வேண்டும். ஓவன் இல்லாத வீட்டில் குழிப்பணியாரச் சட்டியில் சிறிது எண்ணெய் தடவி, மிகக் குறைந்த தீயில் மூடி வைத்து, இருபுறமும் திருப்பி வேகவைக்கலாம். ஒரு வாயில் அடங்கும் அளவில் கிடைப்பதால், அதிகம் உண்ண முடியாதோருக்கு இம்முறை மிகவும் ஏற்றது.

வெந்தபின் பழத்தைச் சுற்றி நீலமோ பச்சையோ தென்பட்டால் அஞ்ச வேண்டாம். பெர்ரியின் நிறமியான ஆந்தோசயனின் அமிலத்தில் சிவப்பாகவும், சமையல் சோடா போன்ற காரத்தில் நீலப் பச்சையாகவும் மாறும் இயல்புடையது. அது கெட்டுப்போனதன் அடையாளமாகாது.

யாருக்கு எவ்வாறு?

மேற்கூறிய அளவில் ஒரு மஃபினில் ஏறத்தாழ 170 கலோரியும், 22 கிராம் மாவுச்சத்தும், 4 கிராம் புரதமும் இருக்கும்.

நீரிழிவு உள்ளோர்: ஒரு மஃபினின் மாவுச்சத்து ஏறக்குறைய இரண்டு இட்லிகளில் உள்ளதற்குச் சமம். எனவே அதை உணவோடு கூடுதலாக உண்ணாமல், உணவின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கொள்ள வேண்டும். சர்க்கரையை 40 கிராமாகக் குறைத்தாலும் மாவுச்சத்து ஒரு மஃபினுக்கு 3 கிராம் அளவே குறையும். பாதிக்கு மேல் வருவது மாவிலிருந்துதான். நாட்டுச் சர்க்கரையும் பனைவெல்லமும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவையே.

சிறுநீரக நோயாளிகள்: வாழைப்பழத்தோடு ஒப்பிடுகையில் ஸ்ட்ராபெரியிலும் புளூபெரியிலும் பொட்டாசியம் குறைவு. ஆனால் பேக்கிங் பவுடரில் சோடியமும், பல வகைகளில் பாஸ்பேட்டும் உண்டு. பால் பவுடரிலும் பாஸ்பரஸ் உண்டு. பால் பவுடரைத் தவிர்ப்பது, மஃபினின் எண்ணிக்கை ஆகியவற்றை உணவியலாளரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வாய்ப்புண் உள்ளோர்: மொறுமொறுப்பான மேற்பகுதியை நீக்கி, ஆறிய மஃபினைப் பாலில் ஊறவைத்துக் கொடுங்கள். ஸ்ட்ராபெரியின் புளிப்பும் சிறு விதைகளும் எரிச்சல் தந்தால் பழத்தை வேகவைத்து வடிகட்டிச் சேர்க்கலாம். உணவின் மணமே குமட்டல் தருமாயின் குளிர்ந்த மஃபின் எளிதில் ஏற்கப்படும்.

விழுங்குவதில் சிரமம் உள்ளோர்: பக்கவாதத்திற்குப் பிறகு விழுங்கும் திறன் குறைந்தோருக்கு உதிரும் பண்டம் மூச்சுக்குழாயில் சென்றுவிடக்கூடும். விழுங்குதல் பயிற்சியாளர் அனுமதிக்கும் வரை மஃபின் கொடுக்கவே வேண்டாம்.

முட்டை, பால், கோதுமை ஆகியவற்றில் ஏதேனும் ஒவ்வாதோருக்கு இச்செய்முறை பொருந்தாது.

மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது

முழுவதும் ஆறிய பின்னரே மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் அடுக்குங்கள். சூட்டோடு மூடினால் நீர் கோத்துப் பூஞ்சை விரைவில் பிடிக்கும். நம் வெப்பத்தில் அன்றன்றைக்கு உண்டு முடிப்பதே நல்லது. எஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் பயன்படுத்துங்கள். படுக்கையருகே திறந்து வைக்க வேண்டாம். வார்டுக்குள் நுழைந்தவுடன் பொறுப்புச் செவிலியரிடம் காட்டி, அதில் சேர்த்த பொருள்களைச் சொல்லுங்கள். நோயாளி எவ்வளவு உண்டார் என்பதையும் தெரிவியுங்கள். பாதி மஃபின் உண்டாலும் அது அன்றைய உணவுக் கணக்கில் சேரும். அதைக் கொண்டே அடுத்த நாளின் உணவை நாங்கள் திட்டமிடுகிறோம்.