விரல் நுனியில் ஒரு வதந்தி

"தந்தி வந்திருக்கிறது" என்ற குரல் கேட்டாலே தெரு முழுதும் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. செய்தி நல்லதா கெட்டதா என்று தெரியுமுன்னரே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவர். அனுப்புகிறவருக்கும் அஃது எளிய செயலன்று. சொல்லுக்குச் சொல் கட்டணம் உண்டு. ஆகவே எழுதியதை அடித்து, மீண்டும் எழுதி, வேண்டாத சொற்களை நீக்கிய பின்னரே அஞ்சலகத்தில் நீட்டுவோம். அந்தத் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாளோடு நம் நாட்டில் முடிவுற்றது.

இன்றோ செய்தி அனுப்பத் தனிக் கட்டணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. கண் விழித்ததும் கைப்பேசியைத் திறந்தால், உறவினர் குழுவில் பூப்படங்களோடு காலை வணக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. கடல் கடந்து வாழும் பேரக்குழந்தை தத்தித் தத்தி நடப்பதை இருந்த இடத்திலிருந்தே கண்ணாரக் காண்கிறோம். இது சிறிய நன்மையன்று. புதியன யாவும் தீயன என்று புலம்புவது நம் நோக்கமும் அன்று. ஆயினும் நம் மனச்சான்றை இன்றும் உறுத்துகின்ற நிகழ்ச்சி ஒன்றை வாசகர்களிடம் மறைக்காமல் சொல்ல விரும்புகிறோம்.

2018ஆம் ஆண்டுக் கோடையில் ஓர் இரவு, வாட்ஸ்அப் வழியாக நமக்கு ஒரு செய்தி வந்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்று வட மாநிலங்களிலிருந்து வந்து இறங்கியிருக்கிறதாம். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள், தெருவில் விளையாடிய சிறுவனைத் தூக்கிச் செல்லும் காணொளியும் அதனுடன் இருந்தது. பதறினோம். பேரப்பிள்ளைகளை நினைத்தோம். அரை நிமிடத்தில் நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, நல்லது செய்த நிறைவோடு உறங்கினோம்.

மூன்றாம் நாள் நம் தெருமுனையில் பெருங்கூச்சல். படுக்கை விரிப்பு விற்க வந்த வடநாட்டு இளைஞன் ஒருவனைச் சுற்றி முப்பது பேர் நின்றனர். அவன் சட்டை கிழிந்திருந்தது. தமிழ் அறியாத அவன் கைகூப்பியபடியே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது, வழக்கமாக அவனிடம் விரிப்பு வாங்கும் பாட்டியம்மா ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே சென்றார். "இந்தப் பிள்ளையை எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். இவன் மேல் கை வைக்கிறவன் முதலில் என் மேல் வைக்கட்டும்" என்றார். கூட்டம் மெல்லக் கலைந்தது. கலைந்தவர்களுள் ஒருவர் நம்மிடம் வந்து, "நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான் ஐயா, எச்சரிக்கையாக இருந்தோம்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நமக்குத் தலை நிமிரவில்லை.

எல்லா ஊர்களுக்கும் அத்தகைய பாட்டியம்மா வாய்க்கவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஐயுற்ற கூட்டம் அவர்களைத் தாக்கியதில், 65 வயது அம்மையார் ஒருவர் உயிரிழந்தார். ஜூலை முதல் நாளன்று, மகாராஷ்டிர மாநிலம் துளே மாவட்டத்தில் ரெயின்பாடா என்னும் சிற்றூரில், நாடோடிச் சமூகத்தவர் ஐவர் இதே ஐயத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர்.

நாம் கண்ட அந்தக் காணொளி யாதென்று பின்னரே அறிந்தோம். பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்த எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம் அது. தூக்கிச் சென்ற சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவதோடு அப்படம் முடிகிறது. அந்த முடிவை எவரோ வெட்டிவிட்டனர். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னது எத்துணை உண்மை!

பொய் ஏன் இவ்வளவு விரைந்து பரவுகிறது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்று கண்டனர். அதற்குக் காரணம் இயந்திரங்கள் அல்ல, மனிதர்களே என்பதும் அவர்கள் கண்டது. புதுமையும் வியப்பும் நம்மை ஈர்க்கின்றன. அச்சமும் அருவருப்பும் நம்மைத் தூண்டுகின்றன.

நிறுவனமும் சில தடைகளை இட்டது. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் மறையீடு செய்யப்பட்டே செல்வதால், இடையில் நிறுவனத்தாரும் அவற்றைப் படிக்க இயலாது. ஆகவே செய்தியின் வேகத்தைத்தான் குறைக்க முடிந்தது. வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு 2018 ஜூலையில் இந்தியாவில் வரம்பு வந்தது. பன்முறை கைமாறிய செய்தியை ஒரு முறைக்கு ஓரிடத்திற்கே அனுப்பலாம் என்ற விதி 2020 ஏப்ரலில் வந்தது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. ஒரு சிறு தயக்கமே எத்தனை பொய்களை நிறுத்திவிடுகிறது பாருங்கள்!

ஆயினும் நோய் தீர்ந்தபாடில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் வடக்கே பரவின. அம்மாநில அரசு அதிகாரிகள் குழுவொன்றை இங்கு அனுப்ப நேர்ந்தது. 2018இல் நாம் அவர்களைப் பற்றி நம்பியதை, இம்முறை அவர்கள் நம்மைப் பற்றி நம்பினர்.

அந்த நான்கு குழுக்களுக்கும், "நாம் அனுப்பியது பொய், தவறு நம்முடையது" என்று மறுசெய்தி அனுப்பினோம். பொய்க்கு நன்றி சொன்னவர் பலர். திருத்தத்திற்கு மறுமொழி சொன்னவர் இருவரே. அன்று முதல் நம் இல்லத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அச்சமோ சினமோ மூட்டும் செய்தி எதுவாயினும், அன்று இரவு அது நம் கைப்பேசியிலேயே உறங்க வேண்டும். எங்கு நடந்தது, என்று நடந்தது, யார் சொன்னது என்று காலையில் வினவுவோம். விடை கிடைக்காவிடில் அழித்துவிடுவோம். இதுவரை அழித்தவையே மிகுதி.

அந்த இளைஞன் அதன்பின் நம் தெருவுக்கு வரவேயில்லை. பாட்டியம்மா மட்டும் நம்மைக் காணும்போதெல்லாம், "அந்தப் பிள்ளை வந்தானா?" என்று கேட்கிறார். தந்திக்குரிய கட்டணத்தை அனுப்பியவர் கொடுத்தார். நாம் இலவசமாக அனுப்பிய செய்திக்கு அவன் கொடுத்தான். அன்பு வாசகரே, இன்றிரவு உங்கள் விரல் அந்தப் பொத்தானை அழுத்துமுன், ஒரு கணம் அவனை நினைத்துக்கொள்ளுங்கள்.