திறந்த வீட்டில் அள்ளலாமா?

வேலூரிலிருந்து ஆரணி போகும் பஸ்கள் நின்று கிளம்பும் ஊர் கண்ணமங்கலம். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் பட்டுக்குப் பேர்போன ஆரணி. இங்கே நெசவாளர் வீட்டுப் பெண் ஒருவர் இன்ஸ்டாகிராமில் புடவை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் கொடி கட்டிப் புடவையை விரித்துப் படம் எடுக்கிறார். சிலவற்றைத் தானே கட்டிக்கொண்டும் நிற்கிறார். கீழே செல் நம்பர். கணக்கு ‘பப்ளிக்’தான். பூட்டி வைத்தால் வியாபாரம் எப்படி நடக்கும்?

ஒரு ராத்திரி, எங்கோ ஓடும் ஒரு புரோகிராம் அவர் பக்கத்தையும் அதுபோன்ற ஆயிரக்கணக்கான பக்கங்களையும் வரிசையாகத் திறந்து பெயர், ஊர், நம்பர், முகம் எல்லாவற்றையும் எக்ஸெல்லில் அடுக்கிவிடுகிறது. மறுவாரம் ‘லோன் வேணுமா மேடம்?’ என்று போன் வருகிறது. அவர் எடுத்த அதே படம் வேறொரு கடையின் பெயரில் பாதி விலைக்குப் போகிறது.

‘வெப் ஸ்கிரேப்பிங்’ என்கிற இந்த வேலை குற்றமா? பாஸ்வேர்டு திருட்டில் பூட்டு உடைக்கப்படுகிறது. இதில் பூட்டே கிடையாது.

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43(பி) பிரிவைப் படித்தால் குற்றம் என்றுதான் தோன்றும். கம்ப்யூட்டரின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் அதிலிருந்து தகவலை இறக்கினாலும், நகலெடுத்தாலும் இழப்பீடு தர வேண்டும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால், 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் யாருடைய அனுமதி? சர்வரை வைத்திருக்கும் கம்பெனியின் அனுமதி. கண்ணமங்கலத்துக்காரரை யாரும் கேட்க வேண்டியதில்லை.

சரி, அவருக்கென்றே 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே என்பீர்கள். அதன் 3-ஆவது பிரிவு, ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று கையைக் கழுவிவிடுகிறது. சட்டத்திலேயே உதாரணமும் உண்டு: ஒரு பெண் வலைப்பூவில் கருத்து எழுதும்போது சமூக ஊடகத்தில் தன் விவரங்களைப் போடுகிறார், அந்த விவரங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. ‘தானே’ என்பதைக் கவனியுங்கள். அவர் படத்தைத் தோழி போட்டிருந்தால் இந்த விலக்கைக் காட்டித் தப்ப முடியாது. சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் வேறு.

அமெரிக்காவில் இது ஐந்தாண்டுச் சண்டையானது. லிங்க்ட்இன்னில் எல்லோரும் பார்க்கும்படி இருந்த விவரங்களை ஹைக்யூ லேப்ஸ் என்ற நிறுவனம் அள்ளியது. எந்த ஊழியர் வேலையை விடப்போகிறார் என்று கணித்து முதலாளிகளிடம் விற்பது அதன் தொழில். திறந்து கிடப்பதைப் பார்ப்பது கம்ப்யூட்டர் ஊடுருவல் ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இலும் 2022 ஏப்ரலிலும் ஹைக்யூ பக்கம் சாய்ந்தது. ஆனால் அதே 2022 நவம்பரில் பயன்பாட்டு ஒப்பந்தத்தை மீறியதாகக் கீழ் நீதிமன்றம் சொல்ல, ஐந்து லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டு ஹைக்யூ வழக்கை முடித்தது. இரண்டு கம்பெனிகளின் வழக்கில், விவரத்துக்குச் சொந்தக்காரரான ஊழியர் வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை.

ஐரோப்பா வேறு மாதிரி. இணையத்தில் திறந்து கிடந்த முகப்படங்களை அள்ளி, முகத்தை வைத்து ஆளைத் தேடும் தொழில் நடத்திய கிளியர்வியூ ஏஐ நிறுவனத்துக்கு பிரான்ஸ் 2022-இல் இரண்டு கோடி யூரோ அபராதம் போட்டது. படம் பொதுவெளியில் இருந்தது என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை. இதுதான் சரி என்பது என் கட்சி. வாடிக்கையாளர் பார்க்கப் போட்ட படம், பட்டியல் போட்டு விற்பவனுக்குப் போட்ட படமல்ல. 2021-இல் ‘சுல்லி டீல்ஸ்’, 2022 ஜனவரியில் ‘புல்லி பாய்’ என்று முஸ்லிம் பெண்களை ‘ஏலம்’ விட்ட செயலிகளுக்கும் அந்தப் பெண்களின் சமூக ஊடகப் படங்கள்தான் சரக்கு. அதற்குப் பிறகு எழுதிய சட்டத்திலும் இப்படி ஒரு விலக்கு வைத்தார்களே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

புடவைக்காரருக்கு வழியே இல்லையா? உண்டு. படம் எடுத்தவருக்கே காப்புரிமை. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தருகிறது, எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. இன்ஸ்டாகிராமில் போட்டதால் அது கைமாறிவிடாது. செல் நம்பருக்குத்தான் காப்புரிமை கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவிலும் அனுமதி கம்பெனியுடையது என்றாலும், இழப்பீடு ‘பாதிக்கப்பட்டவருக்கு’ என்றே இருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்து வாதாடலாம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைக்கு சிவில் கோர்ட் ஏற வேண்டாம். மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரி. போலி மெயிலை நம்பி வங்கிக் கணக்கில் பணம் இழந்த ஒருவருக்கு, 12 லட்சம் ரூபாய்க்கு மேல் தரும்படி 2010-இல் வங்கிக்கு உத்தரவிட்டது தமிழகத்தில் அந்தப் பதவியில் இருந்தவர்தான்.

ஆகவே, உங்கள் படத்தை வேறு பக்கத்தில் பார்த்தால் முதலில் சண்டைக்குப் போகாதீர்கள். தேதியும் முகவரியும் தெரிகிறபடி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனில் இருக்கும் ஒரிஜினல் படத்தை எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள்.